டாக்டர் காருக்கு மூணாவது பிரேக் லைட்டு

வண்டிக்கு வயர் வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு வசதி உண்டு: எது எரியலைன்னாலும், எது எரிஞ்சாலும், தப்பு யாருதுன்னு தேடவே வேண்டாம், நம்மளுதுதான். "நீ ஹாரன் மாட்டினதுல இருந்து ஏ.சி. சரியா கூல் ஆகல"ன்னு வந்து நிப்பாங்களே, அந்த மாதிரி ஆளுங்ககிட்ட மாட்டிக்கிட்டு முழிச்ச எல்லாரும் என் சொந்தக்காரங்க. உங்களுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

செங்கல்பட்டுல ஜி.எஸ்.டி. ரோட்டு மேல எங்க கடை. வயர் வேலை என்னுது. பக்கத்து ஷெட்டுல வெல்டிங் வேலை என் வூட்டுக்காரர் அந்தோணியோடது. லாரி, டிராக்டர், ஷேர் ஆட்டோன்னு எத்தனையோ வண்டிக்கு லைட்டு மாட்டியிருக்கேன். ஆனா ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு லைட்டு என்னை ஒரு மாசம் பைத்தியமா அலைய விட்டுச்சு.

ஹாரன் கேக்குது, காரைக் காணோம்

ஒரு நாள் காலையில கடை வாசல்ல ஹாரன் அடிக்குது. எட்டிப் பார்த்தா ஒரு டிராக்டர் மட்டும்தான் நிக்குது. அதுல ஆளே இல்ல. ஹாரன் மறுபடியும் அடிக்குது. டிராக்டரைச் சுத்திப் போய்ப் பார்த்தா, அந்தாண்ட ஒரு குட்டிக் கார்! செவப்பு கலரு, ரெண்டே சீட்டு, துணிக் கூரை, என் இடுப்பு உசரம்கூட இல்ல. உள்ள இருந்து எங்க ஊர் பல் டாக்டர் இறங்குறாரு. ஆறடி மனுஷன். சுருட்டி வெச்ச பாயைப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு மடிப்பா வெளிய வந்தாரு. பின்னாடியே ஸ்கூட்டர்ல அவரோட சம்சாரம். செய்யூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர்.

விஷயம் இதுதான். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் அந்தக் கார்ல மாமல்லபுரம் போயிருக்காங்க. வழியில பின்னாடி வந்த மீன் வேன் ஒண்ணு இடிச்சிடுச்சு. அவருக்கு ஒண்ணுமில்ல. டீச்சருக்குக் கழுத்துல அடி. கழுத்துப் பட்டையைப் போன வாரம்தான் கழட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் அவங்க அந்தக் காரைத் தொடலை. அடுத்த மாசம் கல்யாண நாள், அதே கார்ல அதே மாமல்லபுரத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு டாக்டருக்கு ஆசை. "லைட்டு ரொம்பக் கீழ இருக்கும்மா ஸ்டெல்லா, பின்னாடி வர்றவனுக்குத் தெரியறதில்ல. மேல ஒண்ணு வெச்சிட்டா இவ ஏறிக்குவா"ன்னாரு. டீச்சர் ஹெல்மெட்டைக்கூடக் கழட்டலை.

"லைட்டு ஒழுங்கா எரியுதான்னு நான் பின்னாடியே வந்து பார்ப்பேன். ஏறுறதா வேணாமாங்கிற பேச்சு அதுக்கப்புறம்தான்."

கைப்புடி

மத்த கார்ல பின் கண்ணாடிக்கு மேல வெச்சிட்டுப் போயிடலாம். இதுல கண்ணாடி ஏது? கூரையே துணி. டிக்கி மேல வெச்சுப் பார்த்தேன். பஸ் டிரைவர் குனிஞ்சு தேடினாத்தான் தெரியும். கடைசியில அந்தோணி ஒரு இரும்புப் பைப்பை வளைச்சு, ரெண்டு சீட்டுக்கும் பின்னாடி வளைவா நிக்க வெச்சு வெல்டு பண்ணாரு. அதோட உச்சியில லைட்டு. பெடல்கிட்ட இருக்கிற பிரேக் சுவிட்ச்சுல இருந்து வயரை எடுத்து, பைப்புக்குள்ளயே விட்டு மேல கொண்டு போனேன். ஒரு இடத்துலகூட வயர் வெளிய தெரியாது. பிரேக்கை மிதிச்சா பளிச்சுன்னு எரியுது, காலை எடுத்தா அணையுது. என் கைக்கு நானே முத்தம் குடுத்துக்கலாம் போல இருந்துச்சு.

டிராக்டருக்கு லைட்டு பார்க்க வந்திருந்த அச்சரப்பாக்கத்துக்காரர் காரைச் சுத்திச் சுத்தி வந்தாரு. அந்த வளைவை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தாரு. அப்புறம் எங்க வூட்டுக்காரர்கிட்ட ரொம்ப அக்கறையா ஒரு கேள்வி கேட்டாரு.

"இன்னா அண்ணாத்த, பாப்பா வண்டி மாதிரி பின்னாடி கைப்புடி வெச்சிட்ட, தள்ளுறது யாரு?"

அணையாத விளக்கு

மூணே நாள். டாக்டர் திரும்பி வந்துட்டாரு. லைட்டு அணையவே மாட்டேங்குதாம். பைக்ல போறவன் வர்றவன் எல்லாம் "சார், உன் லைட்டு எரிஞ்சுகினே கீது"ன்னு கத்திட்டுப் போறானாம். நான் பார்க்கும்போது அணைஞ்சுதான் இருக்கு. மிதிக்கச் சொன்னேன், எரிஞ்சுது. எடுக்கச் சொன்னேன், அணைஞ்சுது. சரின்னு அனுப்பினேன். மறுநாள் வந்துட்டாரு. சுவிட்ச்சை மாத்தினேன். நாலு நாள் கழிச்சு வந்துட்டாரு. வயரை முழுசா உருவிப் புதுசு போட்டேன். அதுக்கும் வந்துட்டாரு! அவர் சாவியை யார்கிட்டயும் குடுக்க மாட்டாரு. பதினஞ்சு வருஷமா லைசென்ஸ் வெச்சிருக்கிற பொண்டாட்டிக்கே குடுத்ததில்ல, எனக்கா குடுப்பாரு? அதனால பக்கத்து சீட்டுல என்னை ஏத்திக்கிட்டு ஓட்டிக் காட்டினாரு. ரோட்டுலயே உக்காந்து தேய்ச்சுக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. ரெண்டு கிலோமீட்டர்ல கருகுற வாசனை. ஐயோ, என் வயர்தான் தீயுதுன்னு நிறுத்தச் சொல்லிக் குதிச்சேன். வயர் ஜில்லுன்னு இருக்கு, சக்கரம்தான் கொதிக்குது. "இந்தக் காருக்கு அது வழக்கம்தாம்மா, பிரேக் பேடு கூட சீக்கிரம் தேஞ்சிடும்"ன்னாரு டாக்டர் கூலா. இதைக் கேட்டும் எனக்கு உறைக்கலை பாருங்க.

கல்யாண நாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு. எனக்கு ராத்திரியில சோறு இறங்கலை. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற என் வூட்டுக்காரர், யாருக்கும் தெரியாம ஒரு எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் கோத்து அந்த லைட்டுக்குக் கீழ தொங்க விட்டிருந்தாரு. ரெண்டு நாள் கழிச்சு டாக்டர் போன் பண்ணாரு.

"ஸ்டெல்லாம்மா, லைட்டு அப்படியேதான் எரியுது, இப்போ எலுமிச்சம்பழமும் சேர்ந்து செவப்பாத் தெரியுது."

டீச்சர் பரிசோதனை

கல்யாண நாளுக்கு மொத நாள் சாயங்காலம் டீச்சர் வந்துட்டாங்க, சொன்ன மாதிரியே பின்னாடி வந்து பார்க்க. டாக்டர் முன்னாடி கார்ல, டீச்சர் பின்னாடி ஸ்கூட்டர்ல, கொளவாய் ஏரி வரைக்கும் போயிட்டுத் திரும்பினாங்க. நான் கடை வாசல்ல மாதாவை வேண்டிக்கிட்டு நிக்கிறேன், லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் வருது. டாக்டர் கதவைத் திறந்தாரு. "இறங்காதீங்க! ஓட்டும்போது எப்படியோ அப்படியே காலை வைங்க, அசைக்காதீங்க!"ன்னு டீச்சர் ஒரு அதட்டு. பரீட்சையில பிட்டு அடிக்கிற பையன்கூட அப்படி உறைஞ்சு போயிருக்க மாட்டான்.

நானும் டீச்சரும் மண்டி போட்டுக் குனிஞ்சோம். சின்னக் கார், பெடல் ரெண்டும் ஒட்டி ஒட்டி இருக்கு. டாக்டர் கால்ல நடைப்பயிற்சி ஷூ, ஆளுக்கேத்த சைஸு, பரோட்டாக் கல்லு அகலம். ஆக்சிலேட்டர் மேல கால் இருக்கு, அந்த ஷூவோட ஓரம் பிரேக் மேல சொகுசாச் சாஞ்சிருக்கு. வண்டி ஓட ஓட பிரேக்கும் அமுங்கிக்கிட்டே வருது. ஒரு மாசமா வயரையும் சுவிட்ச்சையும் நோண்டின மடச்சி நான், ஒரு தடவைகூட மனுஷனோட காலைப் பார்க்கலை. வெக்கமாப் போச்சு. டீச்சர் எழுந்து முட்டியில ஒட்டின மண்ணைத் தட்டினாங்க.

"நீ மாட்டினது நல்லாத்தான் இருக்கு ஸ்டெல்லா, நான் கட்டிக்கிட்டதுதான் ரிப்பேரு."

ஒரு போன்

எல்லாரும் சிரிச்சோம். அந்தோணிக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. திடீர்னு டீச்சர் சிரிப்பை நிறுத்தினாங்க. "ஏங்க, அன்னிக்கு அந்த வேன்காரப் பையனும் இதையேதானே சொன்னான்? 'லைட்டு எரிஞ்சுகினேதான் இருந்துச்சு, நீ எப்போ நிறுத்துவேன்னு எனக்கு எப்படித் தெரியும்'னு?" அன்னிக்கு டாக்டர் அவனை நடு ரோட்டுல, கூட்டத்துக்கு முன்னாடி, வாய்க்கு வந்தபடி திட்டியிருக்காரு. அவன் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் விட்டிருக்காரு.

டாக்டர் முகம் செத்துப் போச்சு. டீச்சரோட கழுத்தையே பார்த்தாரு. "அப்போ உன் கழுத்து... என் காலாலயா?"ன்னாரு. நான் ஸ்குரூ டிரைவர் தேடுற மாதிரி திரும்பிக்கிட்டேன். டாக்டர் ஷூவைக் கழட்டி ஓரமா வெச்சாரு. இன்ஷூரன்ஸுக்காக எழுதி வெச்சிருந்த அந்தப் பையனோட நம்பரைத் தேடி எடுத்து, எங்க எல்லாரும் கேக்கிற மாதிரி ஸ்பீக்கர்ல போட்டாரு. "தம்பி, தப்பு உன்னுது இல்ல, என்னுது. என்னை மன்னிச்சிடு"ன்னாரு. அலைச் சத்தத்துக்கு நடுவுல அந்தப் பையன் குரல் வந்துச்சு.

"அத வுடு சார், அக்கா கழுத்து இப்போ எப்படி கீது, மொதல்ல அதச் சொல்லு."

கல்யாண நாள்

மறுநாள் காலையில மறுபடியும் டிராக்டருக்கு அந்தாண்ட ஹாரன். ஓடிப் போய்ப் பார்த்தா டீச்சர் கார்ல உக்காந்திருக்காங்க! பட்டுப் புடவை, தலை நெறைய மல்லிப்பூ, கையில ஸ்டீயரிங்! பக்கத்து சீட்டுல டாக்டர், பட்டு வேட்டியில, வெறுங்காலோட. சாவியை அவரே எடுத்து நீட்டினாராம். கார் கிளம்புச்சு. லைட்டு அணைஞ்சுது. ஸ்பீடு பிரேக்கர் வந்துச்சு, பளிச். தாண்டினதும் அணைஞ்சுது. நான் நடு ரோட்டுல நின்னு கை தட்டுறேன், அந்தோணி விசில் அடிக்கிறாரு, பின்னாடி வந்த பஸ்காரன் எங்களைத் திட்டுறான்.

மத்தியானம் மாமல்லபுரத்துல இருந்து டீச்சர் போன் பண்ணாங்க. பின்னாடி காத்து இரையுது. "வண்டி எப்படி டீச்சர்? சார் எப்படி வந்தாரு?"ன்னு கேட்டேன்.

"வழி நெடுக அந்தப் பக்கம் உக்காந்து வெறுந்தரையில பிரேக் போட்டுக்கிட்டே வந்தாரு ஸ்டெல்லா, நல்ல வேளை நீ அங்க வயர் குடுக்கலை!"

நான் மாட்டின லைட்டுங்கள்லயே புருஷனைப் பொண்டாட்டிகிட்டக் காட்டிக் குடுத்தது இது ஒண்ணுதான், அதனால இதுக்கு மட்டும் ஆயுசுக்கும் கேரண்டி.