நான் கூப்பிட்ட சாமி

எனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரணமாக "சரிங்க" என்று விடுகிறவள், கோபத்தில் "சரிங்க, ஆகட்டுங்க, நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்று ஒரே மூச்சில் நாலு 'ங்க' போடுவேன். என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். நான் ஃபோனில் பேசும்போது எண்ணிக்கொண்டே இருப்பார். ஒரே மூச்சில் ஐந்தைத் தாண்டினால், இன்றைக்குச் சமையல் தன் தலையில்தான் என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

ஏற்காட்டில் பிசியோதெரபி பார்க்கிறேன். காலையில் ஒரு சின்ன கிளினிக், மத்தியானத்துக்கு மேல் ஸ்கூட்டியில் வீடு வீடாக. ஏறி இறங்கியே பிழைக்கிற மலை இது, முட்டி வலி இல்லாத வீடு கிடையாது. அதனால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. ஊர்க்காரர்களைக் கேட்டால் என்னிடம் குறை ஒன்றே ஒன்றுதான் என்பார்கள். எனக்குச் சாமி கும்பிட வராது.

யாரிடமும் கோபித்துக்கொண்டு கும்பிடுவதை விட்டதில்லை. சின்ன வயதிலிருந்தே வரவில்லை, அவ்வளவுதான். சிலருக்குப் பாட்டு வராதே, அது மாதிரி. வீட்டில் படம் இல்லை, நெற்றியில் ஒன்றும் இல்லை, கழுத்தில் சிலுவையும் இல்லை. கிளினிக்கில் காலை ஜெபம் நடக்கும்போது நான் வெளியே நின்று காப்பி குடிப்பேன். இந்த ஊரில் இதெல்லாம் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். எனக்கோ பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது.

பேச்சு வரும். கத்தி மாதிரி வராது, 'ங்க' போட்டு வெல்லம் மாதிரி வரும். "ஏனுங்க, சாமி கும்பிடாம உங்களுக்குத் தூக்கம் வருதுங்களா?" என்பார் ஒருவர். "ஒம்பதரைக்கே வந்துருதுங்க" என்பேன். கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா, தங்கமான மனுஷி, ஒருநாள் கண் கலங்கிச் சொன்னார்: "இவ்வளவு நல்லவங்க நரகத்துக்குப் போறீங்களேன்னு நெனச்சா எனக்கு மனசே ஆறலைங்க." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கயும் முட்டி வலிக்காரங்க இருப்பாங்கல்லங்க, எனக்குப் பொழப்பு ஓடிரும்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக ஒரு ஜெபம் செய்துகொண்டார்.

இப்படி எல்லாரையும் சமாளித்துவிட்டேன் என்று கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தேன். அப்போதுதான் நாகலூர்ப் பக்கத்தில் ஓர் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன்.

காப்பியும் கொய்யாவும் சாமையும் போடும் குடும்பம். அறுபத்தெட்டு வயது. சேலத்தில் இடது முட்டியை மாற்றி ஆபரேஷன் செய்து கூட்டி வந்திருந்தார்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வாக்கரைப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் சாமி, நீதான் அந்தச் சாமி இல்லைங்கற புள்ளையா சாமி?"

எங்கள் பக்கம் சின்னவர்களைக் 'கண்ணு' என்போம், இல்லாவிட்டால் 'சாமி' என்போம். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அந்தம்மாவுக்கு அது சின்ன வயது போலிருக்கிறது. சாமி இல்லை என்கிறவளைச் சாமி சாமி என்று கூப்பிட்டுக் கேட்டால் என்ன பதில் சொல்வது? "ஆமாங்க, நாந்தானுங்க" என்றேன்.

"அப்பறம் நீ தொட்டா இந்தக் காலு எப்படி வெளங்கும்?"

"நான் தொடறது முட்டியைத்தானுங்க. அதுக்கு நான் யாருன்னு தெரியாதுங்க."

அருகில் நின்ற மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தம்மா சிரிக்கவில்லை.

அவருக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வருஷம் கூடத் தவறாமல் போனவர், முட்டி மடங்காததால் இரண்டு வருஷமாகப் போகவில்லை. கோயில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், கால் மடங்கினால்தான் குனிய முடியும். "என்னை யாரும் தூக்கீட்டுப் போகப்படாது. என்ற கால்ல நான் போகோணும். இந்த வருஷம் போகலைன்னா இனி எப்பவும் போகமாட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. எனக்குச் சாமி வராது, ஆனால் ஒரு மனுஷி ஓர் இடத்துக்குப் போக ஆசைப்படுவது புரியும். போகவைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

காலை ஒன்று, இரண்டு என்று எண்ணித் தூக்கச் சொன்னால் செய்யமாட்டார். "நம்பரு என்னத்துக்கு? சாமி பேரு சொல்லு" என்பார். அதனால் அந்தக் குகையில் இருக்கும் இரண்டு சாமிகளையும் எடுத்து, நல்ல காலுக்குச் சேர்வராயன், ஆபரேஷன் காலுக்குக் காவேரியம்மன் என்று அவரே பேர் வைத்தார். "காவேரி தூக்குங்க, காவேரி எறக்குங்க" என்று நான் ஒரு மணி நேரம் கத்துவேன். படியில் பாடம் நடக்கும்போது, ஏறுவதற்கு நல்ல கால் முதலில், இறங்குவதற்கு ஆபரேஷன் கால் முதலில். "ஏறயில சேர்வராயன், எறங்கயில காவேரி" என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்வதை ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். வீட்டில் என் வீட்டுக்காரரிடம் தூக்கத்தில் கூட "காவேரியை மடக்குங்க" என்று சொன்னேனாம்.

ஆனால் பேச்சு நின்றபாடில்லை. ஒருநாள் நான் முட்டியை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே மருமகளைக் கூப்பிட்டு, "அந்தத் தோட்டுப் பொட்டிய உள்ரூம்புல வெய்யி" என்றார். பிறகு என்னிடமே விளக்கமும் சொன்னார்: "தப்பா நெனைக்காத சாமி. சாமி பயம் இல்லாதவங்களுக்கு எதுதான் பயம்? திருடறதோ பொய் சொல்றதோ, யாரு கேக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. நரகம் கிரகம் என்றால் சிரித்துக்கொள்ளலாம். இது வேறு. "போலீசு கேக்குமுங்க, அப்பறம் என்ற ஊட்டுக்காரரு கேப்பாருங்க, அதுக்கும் மேல நானே என்னைக் கேப்பேனுங்க, நீங்க பயப்படாதீங்க, காலை மடக்குங்க" என்றேன். எத்தனை 'ங்க' என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் போய்ச் சொன்னேன், அன்று சமையல் என் வீட்டுக்காரர்தான்.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது நடந்தது. வீட்டு வாசலிலிருந்து காப்பி காயப்போடும் களத்துக்கு மூன்று படிகள். முந்தின நாள் தூறல், படியில் ஈரம். நான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வருகிறேன், அந்தம்மா என்னிடம் வித்தை காட்டுகிற மாதிரி, வாக்கரும் இல்லாமல், சுவரையும் பிடிக்காமல், சேர்வராயனை முன்னால் வைத்து இறங்குகிறார். தப்புக் கால்! எனக்கு உயிரே போய்விட்டது. "சாமீ! சாமி, சாமி, மெதுவா சாமி!" என்று அலறிக்கொண்டு ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். சரிந்த உடம்பு மொத்தமும் என் தோள்மேல் விழுந்தது. நல்லவேளை, முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தம்மாவோ என் தோளில் தொங்கியபடியே முகமெல்லாம் பல்லாக, "கூப்புட்டியா இல்லியா? வாய் தொறந்து சாமியக் கூப்புட்டியா இல்லியா?" என்கிறார்.

பேச மூச்சில்லாமல் நானும் சும்மா சிரித்துத் தொலைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் நாகலூர் பஸ் ஸ்டாப் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினால், கடைக்காரர் "ஏனுங்க, நேத்து சாமியக் கூப்புட்டீங்களாமா?" என்கிறார். கிளினிக்கில் நர்ஸ் அக்கா, "எந்த சாமியா இருந்தா என்னங்க, ஆரம்பம் இப்படித்தானுங்க இருக்கும்" என்று கட்டிக்கொண்டார். அந்தம்மா வீட்டில் எனக்குப் பலகாரத் தட்டு காத்திருந்தது. தோட்டுப் பெட்டி நடுக்கூடத்து மேசைமேலேயே இருந்தது. சொல்லாமலே இருபது தடவை காலை மடக்கிக் காட்டினார். "திருவிழாவுக்கு நீயும் உள்ள வரோணும். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாத்துக்கிட்டயும் சொல்லீட்டேன், என்னால ஒருத்தி சாமிகிட்ட வந்துட்டான்னு."

தலையாட்டியிருந்தால் போதும். கால் நன்றாக மடங்கிக்கொண்டிருக்கிறது, மனுஷி சந்தோஷமாக இருக்கிறார், எனக்கு முறுக்கும் கிடைக்கிறது. ஆனால் எடுத்த முறுக்கைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டேன். என்னை நம்புகிறார், அதுவும் நான் செய்யாத ஒன்றுக்காக நம்புகிறார்.

"அம்மா, மன்னிச்சுக்கோங்க" என்றேன். "நான் நேத்துக் கூப்புட்டது உங்களைத்தானுங்க."

"என்னையா?"

"ஆமாங்க. நீங்க என்னைச் சாமி சாமின்னு கூப்புட்டுக் கூப்புட்டு, எனக்கும் அது வாயில ஒட்டிக்கிச்சுங்க. உழுந்துருவீங்கன்னு பயந்துட்டேன், வந்துருச்சுங்க."

அந்தம்மாவின் முகம் சிவந்தது. சாமியைக் கூப்பிடவில்லை என்பது ஒரு பக்கம். பெரியவரை, சின்னப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டிருக்கிறேன் என்பது இன்னொரு பக்கம். "நான் உனக்குக் கொழந்தையா? ஒறம்பரை முன்னால என்ற மூஞ்சிய எங்க வெச்சுக்கறது? நீ நாளைக்கு வர வேண்டாம்."

ஸ்கூட்டியில் திரும்பும்போது அழுதேன். ஹெல்மெட்டுக்குள் அழுவது ரொம்பக் கஷ்டம், கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். 'அடியே, வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன? மூன்று வாரம் பொறுக்க முடியாதா? உன் நேர்மைக்கு அந்தம்மாவின் முட்டியா கிடைத்தது?' என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். இந்த நேரத்தில் பயிற்சியை விட்டால் முட்டி இறுகிவிடும், பிறகு குகையும் இல்லை, திருவிழாவும் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் எண்ணாமலே அடுப்படிக்குப் போனார்.

ஆறாம் நாள் மருமகள் ஃபோன் செய்தாள். சேலத்திலிருந்து வேறொரு பிசியோவை வரவழைத்தார்களாம். நெற்றி நிறையப் பட்டை போட்ட பையனாம், பார்த்ததும் அத்தைக்கு நொம்பத் திருப்தியாம். "ஆனா அவரு ஒன்னு, ரெண்டுன்னு எண்றாருங்க. அத்தை காவேரின்னு சொன்னா அவருக்கு என்னன்னே புரியலீங்க. ரெண்டு நாள்ல சண்டையாயிருச்சுங்க. காலை மடக்கவே மாட்டேங்கறாங்க. நீங்க வாங்கக்கா."

போனேன். அந்தம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இறுகித்தான் இருந்தது. அவர் திரும்பாமலே கேட்டார்:

"நீ ஆமான்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே. ஏன் சொல்லலை?"

"உங்ககிட்ட பொய் சொல்றதுக்குப் பயமா இருந்துச்சுங்க."

"சாமிக்குப் பயந்தா?"

"இல்லீங்க, உங்களுக்குத்தானுங்க."

முதுகு குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று பதறிவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். "காலைப் புடி" என்றார். அன்று பிடித்தவள் திருவிழாவுக்கு மிச்சமிருந்த பதினைந்து நாளும் விடவில்லை, காலையும் மாலையும் போனேன். வலியில் என்னைக் கண்டபடி திட்டினார். சாமி இல்லாதவளுக்கு இரக்கம் எங்கேயிருந்து வரும் என்றார். "அதுவும் இல்லீங்க, மடக்குங்க" என்றேன்.

திருவிழா அன்று கோயில் வாசல்வரை நான் வர வேண்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார். ஒரே கூட்டம். வரிசையில் நின்ற அவருடைய சொந்தக்காரப் பெண் ஒருத்தி, எனக்குக் கேட்கட்டும் என்றே, "கும்பிடாதவங்களுக்கு இங்க என்னங்க வேலை?" என்றாள். "முட்டிக்குத் துணையா வந்தேனுங்க. முட்டி உள்ள போனதும் நான் ஒதுங்கிக்கறேனுங்க" என்றேன். குகை வாசலில் அந்தம்மா என் கையை உதறிவிட்டார். மருமகளையும் தள்ளி நிற்கச் சொன்னார். தூணைப் பிடித்தார், முட்டியை மடக்கினார், தலையைத் தாழ்த்தினார். ஒவ்வொரு அடியாக இருட்டுக்குள் போனார். நான் மூச்சை விடாமல் அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வர நெடுநேரம் ஆனது. நெற்றியில் திருநீறு, கண்ணெல்லாம் தண்ணீர். அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன் என்பார், எல்லாரும் சொல்வதுதானே. "நொம்ப சந்தோசமுங்க" என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தம்மா என் தோளில் கை வைத்து நிமிர்ந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே மெதுவாகச் சொன்னார்:

"உன்னப் பத்தி உள்ள ஒரு வார்த்தை பேசலை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. உன்னக் கேக்காம உன்ற பேரை அங்க எடுக்கறது மருவாதி இல்லைன்னு உட்டுட்டேன்."

எனக்காக வேண்டிக்கொண்டவர்கள் இந்த மலையில் எத்தனையோ பேர். என்னைக் கேட்காமல் வேண்டக் கூடாது என்று நினைத்தவர் அந்தம்மா ஒருவர்தான். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நான் வாய்விட்டு அழுதேன்.