கணினிக்கு வியர்த்த நாள்

கணினியைப் பொலித்தீனில் சுற்றி வைக்காதீர்கள். நான் சுற்றி வைத்தவன், அதனால் சொல்கிறேன்.

சுனாமி வந்த காலையில் செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் வரை கடல் ஏறியது. நாங்கள் தப்பினோம். கடதாசி ஒன்றும் தப்பவில்லை. அன்று முதல் காணி உறுதி, தீப்பெட்டி, வானொலி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் பொலித்தீனில் சுற்றத் தொடங்கினேன். ஊரில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் இருந்தது. எங்கள் வீட்டில் கொஞ்சம் கூடுதல். ஒருமுறை எண்ணியபோது நாற்பத்தொரு பொதிகள்.

"நானும் அசையாம இருந்தா என்னையும் சுத்திப்போடுவீங்க" என்பாள் மனைவி.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் லண்டனில் இருந்த மகனுக்குக் கலியாணம் பேசி முற்றாகியது. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. முகம் பார்த்துப் பேசும் வசதியோடு ஒரு கணினி வாங்கும்படி மகன் சொன்னான், வாங்கினோம். விசா இல்லை என்று தெரிந்த அன்று மனைவி அழவில்லை. "தாலி ஏறுறதக் கண்ணால கண்டாக் காணும்" என்று மட்டும் சொன்னாள்.

அது மாரி காலம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, மேலே மழை. கணினியை அணைத்த கையோடு, சூடு ஆறுமுன்பே, பெரிய பொலித்தீன் பைக்குள் இறக்கி வாயைக் கட்டிவிடுவேன்.

கலியாணத்தன்று காலை பொத்தானை அமுக்கினேன். உள்ளே காற்றாடி சுழன்றது. திரை இருட்டாகவே கிடந்தது.

"என்னவாம்?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பீப் பீப்பெண்டு மூண்டு தரம் கத்துது, புள்ள."

"எண்ணினது போதும். ஏனெண்டு பாருங்க!"

பட்டணத்தில் கணினி விற்ற கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். "கரண்டக் கழட்டிப்போட்டுப் பெட்டியத் திறங்க, ஐயா. ரேம் எண்டு நீளமா ஒரு அட்டை இருக்கும். அதுட அடிப்பக்கப் பல்லை அழிறப்பரால மெதுவாத் தேச்சுத் திரும்பப் பூட்டுங்க" என்றார்.

பெட்டியைத் திறந்தபோது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவள் பார்த்தது பெட்டியை அல்ல, கழற்றிப் போட்ட பையை. அதன் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள்.

"கருவாட்டச் சூட்டோட பொலித்தீன்ல கட்டினா என்ன நடக்கும்?"

"வேர்க்கும்."

"பிறகென்ன?"

நான் அட்டையின் பல்லைத் தேய்த்தேன். அவள் மேசை விசிறியைத் தூக்கிவந்து, திறந்த பெட்டிக்கு நேராக வைத்தாள். மதியம் வரை காற்று வாங்கவிட்டோம். அதுவரை நான் கடிகாரத்தைப் பார்த்ததற்குக் கணக்கில்லை. கழற்றிய திருகாணிகளை ஒரு தட்டில் போட்டு வையுங்கள். நான் ஆறு கழற்றி ஐந்து பூட்டினேன்.

பொத்தானை அமுக்கியதும் ஒரே ஒரு சத்தம். திரை வெளுத்தது. மனைவி ஓடிப்போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மூன்றரை மணிக்கு, லண்டனில் காலை பத்து மணிக்கு, மணவறை தெரிந்தது. மகன் வேட்டியோடு இருந்தான். பக்கத்தில் மருமகள், தலை குனிந்தபடி. கெட்டிமேளம் கொட்டியதும் மனைவி முந்தானைக்குள்ளிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தாள். மணமக்கள் தலையில் போட்டு வாழ்த்தும், அறுகம்புல் கலந்த அறுகரிசி!

"போடாத, புள்ள! கீபோட்டுக்குள்ள போயிரும்!"

"பெத்தவங்க அறுகரிசி போடாமக் கலியாணமா?"

ஒரு கைப்பிடி திரையில் பட்டுத் தெறித்தது. திரைக்குள் மகன் நிமிர்ந்தான். "அம்மா, கீபோட்!"

"நீ தாலியக் கட்டு, மகன்!"

கட்டினான். நானும் ஒரு கை அள்ளிப் போட்டேன். மருமகள் சிரித்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

கீபோட்டுக்குள் அரிசி போனால் பயப்பட வேண்டாம். இணைப்பைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்துப் பின்புறம் தட்டுங்கள். எங்களுடையதிலிருந்து முப்பத்திரண்டு அரிசி விழுந்தன. புல்லுக்குப் பழைய பல்தூரிகை வேண்டும். மனைவி அரிசியைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"மகன்ட தலையில போட்ட அரிசி, இஞ்ச பாருங்க" என்று அவள் வேலிக்கு அப்பால் சொல்வது கேட்டது. நான் திருத்தப் போகவில்லை.