இடது பக்கமே வந்த வீக்கம்

பாலசமுத்திரத்தில் கூலி வேலை செய்கிற எனக்கு ஒரே மகள், நான்கு வயது கவிதா. காய்ச்சலோடு அவள் கழுத்தின் இடது பக்கம் வீங்கியது. சித்தூரில் கீறிச் சீழை எடுத்தார்கள். சில மாதத்தில் அதே இடம் மறுபடியும் வீங்கியது. "நைனா, எச்சில்கூட முழுங்க முடியல" என்று அழுதவள், பிறகு அழவும் முடியாமல் மூச்சுத் திணறினாள். திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஸ்கேனில் தைராய்டு முழுக்கச் சீழ் தெரிந்தது. "முன்னாடியும் இதே பக்கம்தானா?" என்று டாக்டரம்மா கேட்டார். "தொண்டையிலேர்ந்து தைராய்டுக்குப் பொறவியிலேயே ஒரு சின்ன ஓட்டை இருக்கும்போல. கிருமி அது வழியாத்தான் போவுது. அதை அடைக்காம சீழை மட்டும் எடுத்தா திரும்பத் திரும்ப வரும்."

"மாசமா இருக்கசொல நான் எதையோ துன்னுட்டேன்னு ஊரே சொல்லுதும்மா" என்றாள் என் மனைவி.

"நீ துன்னது எதுவும் காரணமில்லம்மா."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அப்படியொரு பழி அவள்மேல் இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

சீழை எடுத்து, புண் ஆறியபின் எடுத்த படத்தில் அந்த ஓட்டை தெரிந்தது, அடைத்தார்கள். கவிதா பிழைத்தாள். ஆனால் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு, "முழுங்கினா வலிக்குமா நைனா?" என்று இன்னும் கேட்கிறாள். "வலிக்காது கண்ணு" என்று என் மனைவி முந்திக்கொண்டு சொல்கிறாள். ஊர்ப் பழியைச் சுமந்த அவளிடம் ஆறுதலாக ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லாத மாதங்கள் அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகின்றன.