ஒன்பதாம் வகுப்புக் கணக்கும் ஒரு சுளகு பீடியும்

எங்கள் கணக்கு டீச்சருக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் முதல் பெஞ்சுப் பிள்ளைகளையும் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்து, பெயர்களை ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார். படிக்கிறவள் படிக்காதவளுக்குப் பொறுப்பு. சொல்லிக்கொடுக்க வேண்டும், வீட்டுப்பாடம் எழுத வைக்க வேண்டும், ஒருநாள் வரவில்லை என்றால் மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு வீட்டுக்கே போய்க் கையோடு கூட்டி வரவேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் என்ன காரணம் என்று டீச்சரிடம் வந்து சொல்ல வேண்டும். சாயங்காலம் டீச்சரே அந்த வீட்டுக்குப் போவார். குடையைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தாரானால், பிள்ளையை நாளைக்கு அனுப்புகிறேன் என்ற வார்த்தையை வாங்காமல் எழுந்திருக்க மாட்டார். எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேரை அப்படி மீட்டு வந்திருந்தார். அதில் ஒருத்திக்குக் கல்யாணப் பேச்சே நடந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு வாய்த்தவள் என் பெரியம்மா மகள். என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். முந்தின வருஷம் ஒன்பதில் பெயிலாகி, நான் அந்த வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இடம் பிடித்து வைத்தவள்போல அங்கே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய வாய், வகுப்பிலும் அப்படித்தான் கூப்பிட்டது. ஒரே கிளாஸில் உனக்கு எப்படிட்டி அக்கா என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் எரிச்சலாக வரும்.

பெரியம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். "இந்த வருசமும் பெயிலானா நிப்பாட்டிருவேன். பள்ளிக்கூடத்துல உக்காந்து பெஞ்சைத் தேய்க்கதுக்கு வீட்டுல உக்காந்து சுத்தலாம்."

சுற்றுவது என்றால் பீடி. சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவில் ஆற்றை ஒட்டிய எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் யாரும் கேட்க மாட்டார்கள். மடியில் முறம், எங்கள் பேச்சில் சுளகு, அதில் வெட்டிய இலை, ஒரு மூலையில் தூள், கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் நூல்கண்டு. பெரியம்மா பெயரில் பீடிக் கடையில் ஒரு பாஸ் புத்தகம் இருந்தது; அதில் குறித்துத்தான் இலையும் தூளும் தருவார்கள். தினமும் கடைக்காரர் சொன்ன அளவுக்குப் பீடி கொண்டுபோய்ப் போட வேண்டும். குறைந்தாலும் ஆகாது, சுற்று சரியில்லை என்று அவர் நிறையக் கழித்துப் போட்டாலும் ஆகாது. பாஸை முடக்கிவிட்டால் சோற்றுக்கு வழி இல்லை. பெரியப்பா கேரளாவில் கல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். போவதுதான் ஊருக்குத் தெரியும், வருவது யாருக்கும் தெரியாது. பெரியம்மாவுக்கோ விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போய்ப் பாதிக்கு மேல் சுற்ற வராது. மீதிப் பாதி அக்காவின் கை. காலையில் பள்ளிக்கு வருமுன் கொஞ்சம், சாயங்காலம் போய் மிச்சம். இதில் அவள் எந்த நேரத்தில் படித்திருக்க வேண்டும் என்று நான் யோசித்ததில்லை. மக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீடு அடுத்த தெரு. அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. அம்மா கல்யாணத்துக்கு முன்பு வரை சுற்றியவள்; தாலி ஏறிய அன்றே சுளகைத் தலைமுழுகியவள். என் மகள் விரலில் தூள் வாடை வந்தால் விரலை ஒடித்துவிடுவேன் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பெரியம்மா வீட்டுக்குப் போகலாம், புத்தகம் கொண்டு போகலாம், சுளகுப் பக்கம் மட்டும் கை போகக்கூடாது.

முதல் வாரம் அவள் சுற்ற, நான் வாசித்தேன். அதில்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அக்கா கையைப் பார்க்காமலே சுற்றுவாள், காது முழுக்க என்னிடம் இருக்கும். ஒருமுறை வாசித்த வரலாற்றுப் பாடத்தை வரி பிசகாமல் திருப்பிச் சொன்னாள். எனக்கே அப்படி வராது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கணக்கில்தான் வண்டி நின்றுவிட்டது. காதால் கேட்டுக் காரணிப்படுத்த முடியுமா? கையில் பென்சில் பிடித்து, எழுதி, அழித்து, மறுபடி எழுத வேண்டும். அவள் கையோ பீடிக்கு நேர்ந்துவிட்ட கை. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள், பெரியம்மா சுற்றிய பீடியைக் கடையில் போடப் போனதும், "அக்கா, சுளக இங்க குடு. நான் சுத்துதேன், நீ கணக்கப் போடு" என்றேன்.

"சித்தி கொன்னுருவா" என்றாள் அக்கா.

"நீ சொன்னாத்தானே."

பெரியம்மா கடைக்குப் போய் வரிசையில் நின்று திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் சுளகு என் மடியில், நோட்டு அவள் மடியில். எப்படி இலையை உருட்டுவது, எவ்வளவு தூள் வைப்பது, வாயை எப்படி மடிப்பது என்று எனக்கு அவள் டீச்சர். கணக்குக்கு நான் டீச்சர். சுற்றியதை எல்லாம் அவளிடம் காட்டுவேன். "நல்லாத்தாம்ட்டி இருக்கு" என்பாள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. கட்டும்போது என்னுடையதை எல்லாம் நடுவில் வைத்துச் சுற்றிலும் தன்னுடையதை வைத்துக் கட்டுவாள். நடுவில் வைப்பது எனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகுமுன் சிகைக்காய் போட்டு அவளே என் விரல்களைத் தேய்த்துக் கழுவிவிடுவாள்.

காலாண்டில் கணக்கில் பதினேழு எடுத்தவள் அரையாண்டில் நாற்பத்து மூன்று எடுத்தாள். டீச்சர் சார்ட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் அதை எழுதினார். வகுப்பு கைதட்டியது. யார் யாருக்கோ கைதட்டியே பழகியவள், தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. அன்று சாயங்காலம் பெரியம்மா விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாப்பத்தி மூணுன்னா பாசாட்டி?" என்று என்னிடம் கேட்டாள். பாஸ்தான் என்றதும் எனக்கு ஒரு முட்டை பொரித்துத் தந்தாள். அந்த முட்டையைச் சாப்பிடும்போது ஊரையே நான்தான் படிக்க வைக்கிறேன் என்ற மிதப்பு எனக்கு.

மாசியில் கடைக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தான். பழைய அண்ணாச்சி கட்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். இவன் கட்டைப் பிரித்தான். நடுவில் இருந்தவற்றைத் தட்டிப் பார்த்தால் தூள் கொட்டியது. முதல் நாள் கழித்துப் போட்டான். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே. நாலாம் நாள், இனிமேல் இப்படி வந்தால் பாஸைக் கொடுத்துவிட்டுப் போ என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்.

அன்று பெரியம்மா சீக்கிரமே திரும்பிவிட்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அக்கா சுளகைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டேன். கழித்த பீடியை எல்லாம் பெரியம்மா தரையில் கொட்டினாள்.

"யாரு சுத்துன பீடிட்டி இது?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தாம்மா" என்றாள். "கவனம் புத்தகத்துல போயிட்டு."

நான் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? இல்லை. தொண்டை வரைக்கும் வந்தது. அம்மாவின் முகம் ஞாபகம் வந்ததும் விழுங்கிவிட்டேன். நான் சுற்றியது என்று சொல்லியிருந்தால் நடந்திருக்கக் கூடியது இவ்வளவுதான்: பெரியம்மா என்னை ஏசியிருப்பாள், அம்மா முதுகில் இரண்டு வைத்திருப்பாள். அதற்குப் பயந்தேன்.

பெரியம்மா சத்தம் போடவில்லை. புத்தகப் பையை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். "கண்ணு இங்கன, கவனம் அங்கனன்னா பாஸ் போயிரும்ட்டி. ஒரு மாசம் ஒழுங்கா சுத்தி இதக் காப்பாத்துவோம். பெறவு பாப்போம்" என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முழுப்பரீட்சைக்கு இருந்ததும் அந்த ஒரு மாசம்தான்.

மறுநாள் அக்கா வரவில்லை. விதிப்படி மத்தியானம் நான் கூட்டிவரப் போனேன். பெரியம்மா உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தாள். அக்கா சுளகிலிருந்து நிமிராமல் மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர்ட்ட சொல்லுட்டி."

"என்னன்னு சொல்ல?"

"உள்ளதச் சொல்லு. வீட்டுக்கு வரச் சொல்லு."

சரி என்று தலையை ஆட்டினேன். திரும்பி நடக்கிற வழி முழுக்க எனக்கு ஒரே கணக்கு. உள்ளதைச் சொன்னால் டீச்சர் வருவார். வந்தால் பெரியம்மா கழித்த பீடியைப் பற்றிப் பேசுவாள். டீச்சர் கெட்டிக்காரி, குடைந்து கேட்பார். என் பெயர் வெளியே வரும். அம்மாவுக்குப் போகும். முதல் பெஞ்சுக்காரி பீடி சுற்றினாள் என்று வகுப்புக்கும் தெரியும்.

"அவளுக்குப் படிப்புல இஷ்டம் இல்ல டீச்சர். வரமாட்டாளாம்" என்றேன்.

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாப்பத்தி மூணு எடுத்த பிள்ளையா அப்படிச் சொல்லுது?"

"ஆமா டீச்சர். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

நம்பிவிட்டார். நான் அதுவரை அவரிடம் பொய் சொன்னதில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, சார்ட்டில் அக்காவின் பெயர்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி வேறொருத்தியின் பெயரை எழுதினார். அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு, ஒருநாள்கூட லீவு போட மாட்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தப் பெண் பாஸானாள். ஆண்டு விழாவில் எனக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள்.

அக்காவுக்கு அந்த ஒரு மாசம் முடியவே இல்லை. இப்போது பத்தமடையில் இருக்கிறாள், அவள் பெயரிலேயே பாஸ் புத்தகம் இருக்கிறது. என்னைப் பார்த்தால் அதே சிரிப்புத்தான். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசினதில்லை, நானும் பேசினதில்லை.

போன மாசம் பெரியம்மாவுக்குப் பாளையங்கோட்டையில் கண் ஆபரேஷன். துணைக்கு நான் இருந்தேன். கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு எது எதையோ பேசிக்கொண்டிருந்தவள், அக்கா படிப்பு நின்ற கதைக்கு வந்தாள்.

"அந்த ஒரு வாரமும் அவ யூனிபார்மப் போட்டுக்கிட்டேதான் சுத்துனா. ரெட்டைச் சடை பின்னி, ரிப்பன் எல்லாம் கட்டி. ஏட்டி, பள்ளிக்கூடந்தான் போகலியே, எதுக்கு இந்தச் சிங்காரம்னு கேட்டேன். டீச்சர் வருவாங்கம்மா, தங்கச்சி சொல்லியிருப்பா, வந்தா ஒடனே கெளம்பணும்லான்னா. ஒரு ஆளு வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா நானும் அனுப்பித்தான் இருப்பேன். யாரு வந்தா?"

அந்த வாரம் அவளை அந்த உடுப்பில் நானும்தான் பார்த்தேன், காலையில் அவர்கள் வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும்போது. இனிமேல் இதற்கு வேலை இல்லை, வீட்டில் உடுத்திக் கிழிக்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டு, மணி அடித்துவிடுமே என்று வேகமாக நடந்தேன்.