தனாஸ்கோவின் சேவல்

பெத்ரியா தன் தம்பி தனாஸ்கோவின் வெற்றிகளை வரிசை மாறாமல்தான் சொல்லுவாள். முதலில் அம்மை நோயை வென்றான். பிறகு ஓநாயை, வெறும் பிளம் மரக் கிளையால். அதன் பிறகு, பெண் தரமாட்டேன் என்று நின்ற மாமனாரை. நாட்டை ஆண்ட ஒப்ரெனோவிச் வம்சத்தை வெளியே துரத்திய பிறகும் அவர்கள் பெயரைச் சொல்லியே சாராயக் கிண்ணத்தை உயர்த்தி, மூன்று முறை சிறைக்குப் போனான். மூன்று முறையும் உடம்பு பெருத்துத்தான் திரும்பினான். கடைசியில், மாவட்ட அதிகாரி நிறுத்திய ஆளைத் தோற்கடித்து பெல்கிராட் சபைக்கே போய்விட்டான். எழுத்து ஒன்றுதான் அவனுக்கு மசியவில்லை.

ஒப்ரெனோவிச் வம்சத்துப் பழைய கோமகனைத் திரும்ப அழைப்பதென்று அந்தச் சபை முடிவு செய்தது. பதினாறு வருடம் தனாஸ்கோ காத்திருந்தது இதற்குத்தான். உறுப்பினர்கள் அழைப்பு மடலில் கையெழுத்திட வரிசையில் நின்றார்கள். நோன்புக் காலமாதலால் அவித்த பீன்ஸ் பானையோடு வந்திருந்த பெத்ரியா, வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். தம்பி மேசைமேல் குனிந்து, தன் பன்றிகளின் காதில் வெட்டும் குறியை நிதானமாக வரையத் தொடங்கினான்.

எழுத்தர் அவன் கையைப் பிடித்தார். "என்னய்யா இது?"

"என் குறி. எங்க மாவட்டத்துல எந்தப் பன்றியக் கேட்டாலும் சொல்லும்."

"கோமகனுக்குப் பன்றிக் காதை அனுப்பச் சொல்றீரா?"

"அவரும் பன்றி வித்தவருதானே. பாத்தா சந்தோஷப்படுவாரு."

"ஒரு சிலுவையப் போடும். பக்கத்துல பேரை நான் எழுதிக்கிறேன்."

"சிலுவை செத்தவனுக்கும்தான் இருக்கு. நான்தான் போட்டேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப பேரை எழுதும். இல்லேன்னா நகரும். சாயங்காலம் மடல் கிளம்பிடும்."

தனாஸ்கோ மேசையை விட்டு நகரவில்லை. பெத்ரியா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, அவன் தோள்பையைக் கழற்றி மேசைமேல் விரித்தாள். அவன் கல்யாணத்துக்கு அவள் நெய்தது. பாதிரியார் கரியால் எழுதித் தந்த அவன் பெயரை இழை எண்ணி அதில் நெய்திருந்தாள்.

"பாத்துப் போடுடா. ஒண்ணும் விட்றாத."

அவன் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான்.

"எழுதறாரா, முட்டையிடறாரா?" என்றார் பின்னால் நின்றவர்.

தனாஸ்கோ ஒன்றையும் விடவில்லை. இடம் மிஞ்சியதென்று பெயரின் நடுவே அக்கா நெய்திருந்த சேவலையும் கொண்டையோடு போட்டுவிட்டான்.

"சேவல் எழுத்தில்லையே!" என்று அலறினார் எழுத்தர்.

"எங்க அக்கா சும்மா எதையும் நெய்ய மாட்டா."

"வாலுல ஒரு இறகு குறையுது," என்றாள் பெத்ரியா.

அவன் அதையும் போட்டான். நீளும் வரிசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட எழுத்தர், மை காய மணலைத் தூவி, "அடுத்தவரு வாங்க" என்றார்.

தனாஸ்கோ தன் பெயரை முதன்முதலாக எழுதிய நாள், பழைய நாட்காட்டிப்படி 1858 டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை.