இடது காலின் மடிப்பு

சலூன்காரருக்குத் தெருவில் வைத்த பேர் ‘ஸ்டைல்’. நாற்பத்தொரு வயதிலும் கசங்காத பேண்ட், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த நடை. சாய்வு ஸ்டைலுக்காக வந்ததில்லை. பன்னிரண்டு வயதில் இடது தொடையெலும்பின் உருண்டைத் தலை, எலும்பு வளரும் இடத்தில் நழுவிவிட்டது. திருகாணி போட்டு நிறுத்தினார்கள். அப்போதும் வலித்தது முழங்கால்தான். வீட்டில் ஆளாளுக்கு முழங்காலைத் தேய்த்துத் தள்ளினார்கள். பிள்ளை படுத்த படுக்கையான பிறகுதான் இடுப்பு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்க்கச் சொன்ன டாக்டரை, வலி நின்றதும் வசதியாக மறந்தார்கள்.

இப்போது மறுபடியும் முழங்கால் வலி. மனிதர் என்ன செய்தார்? அதே முழங்காலுக்கு அதே தைலம். பட்டும் புத்தி வரவில்லை. ஒருநாள் வாடிக்கையாளர் கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போது கால் மடங்கியது. கத்தி தோலைத் தொட்டு நழுவியது. ரத்தம் வரவில்லை, இவருக்குத்தான் பாதி உயிர் போய்விட்டது. அப்படியே கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா இடுப்பு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். வலது பக்கம் நல்ல உருண்டை. இடது பக்கம் ஏதோ நசுங்கிக் கிடந்தது. திருகாணி மட்டும் பத்திரமாக இருந்தது.

“கால் குட்டையாகிட்டே வந்திருக்கணுமே. கவனிக்கலையா?”

“இல்லீங்கம்மா. சின்ன வயசுல கொஞ்சம் குட்டையாச்சு, அதோட நின்னுடுச்சு. இன்னும் குறைஞ்சிருந்தா பேண்ட் தரையில இழுபடுமே? ஒரு நாளும் இழுபட்டதில்ல.”

டாக்டரம்மா குனிந்து பேண்டின் அடியைத் தொட்டுப் பார்த்தார். “இடது மடிப்பு மட்டும் ஏன் இவ்வளவு தடிப்பா இருக்கு? யார் தைக்கிறாங்க?”

“எங்க அக்கா.” சொல்லிவிட்டு அவரும் குனிந்து அந்த மடிப்பைப் பார்த்தார்.

“கொஞ்ச வருஷம் முன்னாடி வந்திருந்தா உங்க சொந்த இடுப்பு மூட்டுலயே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம். இனி மூட்டை மாத்தித்தான் ஆகணும்.”

அக்காவின் தையல் கடை இரண்டு தெரு தள்ளி. போனவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவளுடைய கத்தரியை எடுத்து, போட்டிருந்த பேண்டின் இடது மடிப்பைப் பிரித்தார். துணி இறங்கியது. உள்ளே இன்னொரு மடிப்பு. அதுவும் இறங்கிப் பாதத்தை மூடியது. தன் கால் தனக்கே தெரியாமல் இவ்வளவு கரைந்திருக்கிறது. தெரிந்த ஒரே ஆள் எதிரே தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள்.

“எப்பலேர்ந்துக்கா?”

“உன் கல்யாண பேண்ட்லேர்ந்து. ஒவ்வொரு தடவ அளவெடுக்கும்போதும் மடிப்பு கொஞ்சம் கூடுச்சு. பள்ளிக்கூடத்துல நொண்டின்னு கூப்பிட்டாங்கன்னு நீ அழுதது என் கண்ணுலயே நிக்குதுடா. யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான்...”

“எனக்குமாக்கா தெரியக் கூடாது?”

டாக்டரம்மா சொன்னதை அவர் சொல்லி முடித்ததும் அக்காவின் முகம் செத்துப்போனது. மிஷினைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பேண்டைத்தானேடா தைச்சேன்” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கத்த வேண்டும் என்றுதான் வந்திருந்தார்.

“மாத்தினப்புறம் கால் நீளம் ஓரளவு சரியாகிடும்னாங்க” என்றார் கடைசியில்.

அக்கா எழுந்து வந்து கீழே உட்கார்ந்தாள். அவர் பாதத்தின் மேல் கிடந்த துணியை இரண்டு கையாலும் எடுத்து நீவினாள்.

“துணி இருக்குடா” என்றாள். “ஒரு தடவகூட நான் வெட்டல.”