தவக்காலத்தில் வைத்த மீல்மேக்கர் குழம்பு

எனக்கு மாப்பிள்ளை பேசிய வருடம், குவைத்தில் வேலை பார்த்த அண்ணனுக்குத் தவக்காலத்தில்தான் லீவு கிடைத்தது. அண்ணன் இல்லாமல் பேசி முடிக்க முடியாது. பாபநாசத்திலிருந்து வரும் சம்பந்தி வீட்டாரைக் கறிச்சோறு போடாமல் அனுப்பினால் ஊர் சிரிக்கும். போட்டாலோ கோயிலில் முகம் காட்ட முடியாது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் கறி தொடாத கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு குழம்புக்காக அவரை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

பூதலூர் மளிகைக் கடையில் அப்போதுதான் மீல்மேக்கர் பாக்கெட் தொங்க ஆரம்பித்திருந்தது. எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்தது, கறி மாதிரியே இருக்கும் என்று நான் சொன்னதும், வயலும் மாடுமாக வாழ்ந்த அப்பா முகத்தைச் சுளித்தார்.

"அப்ப புண்ணாக்குதானே? மாட்டுக்கு வைக்கிறத சம்பந்திக்கு வைக்கப் போறியா?" என்றார்.

முதல் முறை வைத்தபோது அவர் சொன்னதுபோலவே புண்ணாக்கு வாடை அடித்தது. நானா விடுவேன்? அடுத்த முறை உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, அலசி, மறுபடி பிழிந்தேன். சோம்பும் கசகசாவும் தேங்காயும் அரைத்து, ஆட்டுக்கறிக்குப் போடும் மசாலாவிலேயே கொதிக்கவிட்டேன். அப்பா மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சம்பந்தி வீட்டார் வந்த அன்று, பந்தியில்தான் வினை வந்தது. ஒரு வாய் மென்ற மாப்பிள்ளையின் அம்மா இலையைத் தள்ளிவிட்டார்.

"தவக்காலத்துல கறி போடுற வீட்டுல எங்களுக்குச் சம்பந்தம் வேணாங்க," என்றார்.

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. அடுப்படிக்குப் போய், பாக்கெட்டில் மிச்சமிருந்த காய்ந்த உருண்டைகளையும் ஒரு கிண்ணம் வெந்நீரையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்றை வெந்நீரில் போட்டேன். அது ஊறி உப்பியதும் எடுத்துப் பிழிந்து அவரிடம் கொடுத்தேன். பிய்த்துப் பார்த்தார், முகர்ந்தார், வாயில் போட்டும் பார்த்தார். பிறகு, தள்ளிய இலையைத் தானே இழுத்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தும்மா," என்றவர், அப்பா பக்கம் திரும்பினார். "ஈஸ்டர் முடிஞ்சதும் கல்யாணத்த வச்சுக்கலாங்க."

கல்யாணப் பெண் தலைகுனிய வேண்டிய இடம் அது. நான் நிமிர்ந்து நின்று, எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையை நேராகப் பார்த்துச் சிரித்தேன்.